மினி டிராக்டரில் பழைய ஃபோர்க்லிஃப்ட் ஃபோர்க்: கோளாறு வாரியாகப் பார்க்க ஒரு வழிமுறை

ராணிப்பேட்டை சிப்காட், மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் ஆலையும் ஷூ கம்பெனியும் வரிசையாக இருக்கிற பக்கம் நம்முடையது. அதனால் காயலான் கடையில் ஃபோர்க்லிஃப்ட் ஃபோர்க் (சுமையைத் தாங்குகிற L வடிவ இரும்பு நாக்கு) ஜோடியாகக் கிடைப்பது அதிசயமில்லை. அதை எடைக்கு எடை போட்டு வாங்கி, பட்டறையில் ஒரு ஃபிரேம் அடித்து, மினி டிராக்டரின் பின்னால் கருவி மாட்டுகிற கைகளான டாப் லிங்க், லோயர் லிங்கில் மாட்டிவிட்டால் உர மூட்டை, கத்தரிக்காய் கிரேட், தேங்காய், வேலிக் கல் எல்லாவற்றையும் ஆள் இல்லாமல் நகர்த்தலாம். முன்பக்க லோடர் வாங்குகிற செலவோடு ஒப்பிட்டால் இது நல்ல யோசனைதான்.

கோளாறு என்று வரும்போது மட்டும் ஆட்கள் தவறான இடத்தில் கை வைக்கிறார்கள். தூக்கவில்லை, ஆடுகிறது, சாய்கிறது என்றால் உடனே ஃபோர்க்கைச் சந்தேகப்படுகிறார்கள். அது ஒன்றரை டன், இரண்டு டன் வண்டியில் வேலை செய்த சாமான். 800 கிலோ டிராக்டரின் பின்னால் அதற்கு வேலையே இல்லை. முதலில் தடுமாறுவது டிராக்டர், அடுத்தது ஹைட்ராலிக், அதற்கப்புறம் லிங்க், பின், ஃபிரேம். ஃபோர்க் கடைசி. கீழே உள்ளதும் ஏறக்குறைய அந்த வரிசைதான்.

முன்சக்கரம் லேசாகிறது, ஸ்டீயரிங் திருப்பினால் வண்டி நேராகவே போகிறது

இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இதில்தான் ஆபத்தும் அதிகம். டிராக்டர் விளம்பரத்தில் "லிஃப்ட் திறன் 750 கிலோ" என்று போட்டிருப்பார்கள். அந்த எண் லோயர் லிங்கின் முனையில் எவ்வளவு எடையைத் தூக்கும் என்பதற்கானது. அங்கிருந்து ஒரு முழம் பின்னால் தள்ளி எடை உட்கார்ந்தால் என்ன ஆகும், முன்சக்கரம் தரையில் இருக்குமா என்பதற்கு அந்த எண் பதில் சொல்லாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டிராக்டர் எடை 800 கிலோ, அதில் முன் அச்சில் 300 கிலோ, இரண்டு அச்சுக்கும் இடையே 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சை மையமாக வைத்தால், முன்பக்கம் அமுக்கிப் பிடிக்கிற பலம் (கிலோ × மீட்டர்) 300 × 1.5 = 450. இப்போது பின்னால் என்ன தொங்குகிறது? 100 மி.மீ. அகலம், 40 மி.மீ. கனம், 1070 மி.மீ. நீளம் உள்ள ஃபோர்க் ஒன்று சுமார் 50 கிலோ இருக்கும். ஜோடி 100, ஃபிரேம் 60, மொத்தம் 160 கிலோ. அது பின் அச்சிலிருந்து சுமார் 1 மீட்டர் தள்ளித் தொங்குகிறது. ஆக 160 போய்விட்டது, மீதி 290. சுமையின் நடுப்புள்ளி பின் அச்சிலிருந்து 1.35 மீட்டரில் விழும் என்றால், 290 ÷ 1.35 = 215 கிலோவில் முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிவிடும். ஹைட்ராலிக் அதற்குமேலும் தூக்கத் தயாராக இருக்கும். சக்கரம்தான் இருக்காது.

இது சக்கரம் கிளம்புகிற எல்லை, ஓட்டுகிற எல்லை இல்லை. ஸ்டீயரிங் கையில் இருக்க வேண்டுமானால் வண்டியின் சொந்த எடையில் 20 சதவீதமாவது முன் அச்சில் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 800-க்கு அது 160 கிலோ, 1.5 மீட்டரால் பெருக்கினால் 240. 290-இல் 240 போனால் மீதி 50. அதை 1.35-ஆல் வகுத்தால் 37 கிலோ. ஒரு யூரியா மூட்டையே 45 கிலோ! வெறும் வண்டியில் ஃபோர்க்கை மாட்டிக்கொண்டு போனால் இந்தக் கணக்குப்படி ஒரு மூட்டைகூட ஏற்ற முடியாத நிலை.

சரி, என்ன செய்வது? முன் அச்சுக்கு 60 செ.மீ. முன்னால் 150 கிலோ வெயிட் தொங்கவிட்டால், அது 150 × 2.1 = 315 தருகிறது. 50-உடன் சேர்த்தால் 365. அதை 1.35-ஆல் வகுத்தால் 270 கிலோ, அதாவது ஆறு யூரியா மூட்டை. கம்பெனி வெயிட் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பம்பர் ஃபிரேமில் பெட்டி அடித்துக் கான்கிரீட் ஊற்றலாம். மணல் மூட்டையைக் கயிறு கட்டித் தொங்கவிடுவதை மட்டும் செய்யாதீர்கள். வரப்பு ஏறும்போது அது ஆடுகிற ஆட்டமே ஸ்டீயரிங்கைக் கெடுத்துவிடும். முன் அச்சும் முன் டயரும் எவ்வளவு தாங்கும் என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டு மாட்டுங்கள். ஃபோர்க்கைக் கழற்றுகிற அன்று வெயிட்டையும் கழற்றுங்கள்.

உங்கள் வண்டியின் முன் அச்சு எடை தெரியவில்லையென்றால் அரிசி ஆலை எடை மேடைக்குப் போய், முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி நிறுத்துங்கள். லிஃப்டில் சுமையோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை. எண் கண்ணெதிரே வந்துவிடும்.

இன்னொரு வழி சுமையை ஃபிரேமை ஒட்டி வைப்பது. மேலே சொன்ன கணக்கில் சுமையின் நடுப்புள்ளியை 20 செ.மீ. முன்னால் இழுத்தாலே 270 கிலோ 315-ஐத் தாண்டுகிறது. மூட்டைகளை ஃபோர்க் முனைவரை பரப்பாமல் ஒன்றன் மேல் ஒன்றாக ஃபிரேமில் சாய்த்து அடுக்குங்கள். மேட்டில் ஏறுவதானால் ரிவர்ஸில் ஏறுங்கள், சுமை மேட்டுப் பக்கம் இருக்கட்டும்.

ஃபோர்க் வாங்கும்போதே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றும் சொல்ல வேண்டும். கனமான ஃபோர்க்தான் கெட்டி என்று மூன்று டன் வண்டியின் ஃபோர்க்கைத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மினி டிராக்டருக்கு அது வேண்டவே வேண்டாம். 80 × 30 கனத்தில் கிடைத்தால் ஜோடி 60 கிலோவுக்குள் அடங்கும். மிச்சமாகிற 40 கிலோவில் பெரும்பகுதி சுமைக்கு. "முனையில் கொஞ்சம் வெட்டிவிட்டால் எடை குறையுமே" என்பார்கள். 100 × 40 ஃபோர்க்கில் 10 செ.மீ. வெட்டினால் குறைவது 3 கிலோ. அந்த 3 கிலோவுக்காக அதில் கட்டிங் வீலை வைப்பானேன்?

லிஃப்ட் தூக்க மறுக்கிறது, "கீ..." என்று சத்தம் வருகிறது

அது ரிலீஃப் வால்வு, அதாவது அழுத்தம் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பிவிடுகிற வால்வு, திறக்கிற சத்தம். ஆயில் அளவு சரியா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, சுமை எவ்வளவு என்று இந்த மூன்றையும் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்து, அதே எடை கல்டிவேட்டரைத் தூக்குகிற வண்டி இதைத் தூக்கவில்லை என்றால் சுமை பின்னால் தள்ளி இருக்கிறது என்று பொருள். "வால்வில் ஒரு வாஷர் போட்டு பிரஷர் ஏற்றிவிடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். லிஃப்டுக்குப் பலம் ஏறினால் முன்சக்கரம் இன்னும் சீக்கிரம் கிளம்பும், வேறு பலன் இல்லை.

தூக்கியது மெல்ல மெல்ல இறங்குகிறது, அல்லது துடிக்கிறது

துடித்தால் முதலில் லீவரைப் பாருங்கள். உழவுக்கு வைத்த டிராஃப்ட் கண்ட்ரோல் அப்படியே இருக்கும். உழும்போது டாப் லிங்கில் வருகிற அழுத்தத்தைப் பார்த்து ஏற்றி இறக்குவது அதன் வேலை. பல வண்டிகளில் அந்த உணர்வு டாப் லிங்க் வழியாகத்தான் போகிறது. ஃபோர்க்கில் சுமை வைத்தால் டாப் லிங்க் அமுங்குவதற்குப் பதில் இழுபடுகிறது. லிஃப்ட் குழம்பித் துடிக்கிறது. டிராஃப்ட் லீவரை வேலை செய்யாத முனைக்குத் தள்ளிவிட்டு வைத்த உயரத்தில் நிறுத்துகிற பொசிஷன் லீவரில் மட்டும் ஓட்டுங்கள். பெரும்பாலும் இத்தோடு சரியாகிவிடும்.

மெல்ல இறங்குவது வேறு கதை. சிலிண்டர் ஓ-ரிங் அல்லது கண்ட்ரோல் வால்வு கசிகிறது. காலையில் நின்றது மதியம் இறங்குகிறதா? அதுவும் கசிவுதான். சூட்டில் ஆயில் நீர்த்துப்போய், அதே இடுக்கு வழியாக வேகமாக ஒழுகுகிறது. வேலூர் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டிய வண்டியில் சோதித்தால்தான் உண்மை தெரியும், குளிர்ந்த இன்ஜினில் தெரியாது. சுமையை இடுப்பு உயரத்தில் நிறுத்தி, ஃபோர்க் முனைக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, முனை இருக்கிற உயரத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். ஒரு விரற்கடை இறங்கியிருந்தால் ஓட்டலாம். சாண் அளவு இறங்கியிருந்தால் மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான். எதுவாக இருந்தாலும் தூக்கிய ஃபோர்க்குக்குக் கீழே குனிந்து வேலை செய்வதானால் மரக்கட்டை கொடுக்காமல் குனியாதீர்கள்.

முனை மண்ணைக் குத்துகிறது, அல்லது தூக்கும்போது மூட்டை சரிகிறது

டாப் லிங்க் நீளம். அவ்வளவுதான். ஃபோர்க்கைத் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் நிறுத்தி, கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டத்தை அதன்மேல் வைத்து, டாப் லிங்கைத் திருகி மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். லிங்கைச் சுருக்கினால் முனை தூக்கும், நீட்டினால் தாழும். டாப் லிங்க் லோயர் லிங்கைவிடக் குட்டை என்பதால் வண்டி மேலே தூக்கத் தூக்க முனை தானாகவே கொஞ்சம் நிமிரும். அது நல்லதுதான், சுமை ஃபிரேமில் சாய்ந்துகொள்ளும். ரொம்ப நிமிர்ந்து மூட்டை உங்கள் முதுகுப் பக்கம் வருகிறது என்றால் டாப் லிங்கை வேறு துளைக்கு மாற்றிப் பாருங்கள். ஃபிரேமில் மேல் பின்னுக்கு இரண்டு மூன்று துளை வைத்து அடித்தால் இந்தத் தொல்லையைப் பின்னால் சரிசெய்ய இடம் இருக்கும். கேட்டகரி 1 (சிறிய டிராக்டர்களுக்கான பொது இணைப்பு அளவு) லிங்குக்கு லோயர் பின்னிலிருந்து டாப் பின் வரை 460 மி.மீ. உயரம்; அதை நடுத்துளையாக வைத்துக்கொண்டு மேலே ஒன்று, கீழே ஒன்று போடச் சொல்லுங்கள். மேலே சின்னதாக, மூட்டை சாய ஒரு முதுகுக் கம்பி வலையும் வேண்டும். அது இல்லாத ஃபோர்க்கில் மூட்டை அடுக்கக் கூடாது.

ஒரு ஃபோர்க் தாழ்ந்து ஒன்று உயர்ந்திருக்கிறது

முதலில் டயர் காற்றைப் பாருங்கள், சிரிக்காதீர்கள். அப்புறம் வலது பக்க லிஃப்ட் ராடில் இருக்கிற திருகை. கலப்பையைச் சமன் செய்ய யாராவது அதைத் திருகிவிட்டு மறந்திருப்பார்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் இரண்டு ஃபோர்க்கையும் இடம் மாற்றி மாட்டுங்கள். தாழ்ந்தது ஃபோர்க்கோடு கூடவே இடம் மாறினால் கோளாறு ஃபோர்க்கில். பழைய பக்கத்திலேயே நின்றால் ஃபிரேமில். ஃபோர்க்லிஃப்ட் துறையில் முனைகளின் உயர வித்தியாசம் நாக்கு நீளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது வரையறை. 1070-க்கு அது 32 மி.மீ. அதற்குமேல் போனால் ஜோடி தப்பு, அல்லது ஒன்று வளைந்துவிட்டது. காஸ் வைத்துச் சுட்டு நிமிர்த்தலாம் என்ற யோசனையை அப்படியே விட்டுவிடுங்கள்.

மேடு பள்ளத்தில் "டக் டக்" என்று அடிக்கிறது

பட்டறையில் இந்தச் சத்தத்துக்கு உடனே வருகிற வைத்தியம் ஒன்று உண்டு. "இன்னாணா இதுக்குப் போயி, ஃபிரேமோட ரெண்டு டேக் வெச்சுட்டா ஆடவே ஆடாது."

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், மரியாதையாக ஆனால் உறுதியாக. ஃபோர்க் நம் கேட்டுக் கம்பி மாதிரி சாதா எம்.எஸ். இரும்பு கிடையாது. கார்பன் கூடுதலான எஃகை அளவாகச் சுட்டு, தணித்து, பதம் ஏற்றியிருப்பார்கள். அதில் ஒரு பொட்டு வெல்டு வைத்தாலும் அந்த இடம் மட்டும் சட்டென்று சூடாகிச் சட்டென்று ஆறி, கண்ணாடித்தனமாக இறுகிப்போகும். பக்கத்திலேயே மயிரிழை விரிசல் பிறக்கும். அன்றே உடையாது; ஒருநாள் சுமையோடு போகும்போது முன்னறிவிப்பு இல்லாமல் உடையும். துளை போடுவதும் அதே வகைதான். வெல்டு வைக்க வேண்டியதெல்லாம் ஃபிரேமில் வையுங்கள்.

கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு. ஃபோர்க் தொங்குகிற சாமான், அதன் மேல் கொக்கி ஃபிரேமின் மேல் பாரில் மாட்டி, கீழ்க் கொக்கி கீழ்ப் பாரைப் பிடித்திருக்கிறது. ஆட்டம் அதிகம் என்றால் அளவு பொருந்தவில்லை. டேப்பை எடுத்து மேல் பாரின் மேல் விளிம்பிலிருந்து கீழ்ப் பாரின் கீழ் விளிம்பு வரை அளந்து பாருங்கள். ஒரு டன்னுக்குள் இருக்கும் வகைக்கு அது 331 மி.மீ., ஒன்றிலிருந்து இரண்டரை டன் வகைக்கு 407, அதற்கு மேல் ஐந்து டன் வரை 508. உலகம் முழுக்க இதே அளவுதான். 407-க்கு வாங்கிய ஃபோர்க்குக்கு பட்டறையில் 400 என்று அடித்திருந்தால் சத்தம் வராமல் என்ன செய்யும்? ஃபிரேம் பக்கம் பட்டை வைத்து அளவைச் சரிசெய்யலாம். இதற்கெல்லாம் சிறந்த வழி, காயலான் கடையில் ஃபோர்க் எடுக்கும்போதே அது மாட்டியிருந்த இரண்டு பார்களையும் கேட்டு வாங்கிவிடுவது. அளவு, கொக்கி உட்காரும் சரிவு, பூட்டுப் பின் விழும் பள்ளம் எல்லாம் அதில் தயாராக இருக்கும். தொழிற்சாலையிலேயே வெல்டு வைத்த பாகம் என்பதால் அதில் வெல்டு வைக்கவும் பயமில்லை.

கீழ்ப் பாரின் நடுவில் ஒரு வெட்டு இருக்கும். ஃபோர்க்கை மாட்டவும் கழற்றவும் விட்ட வழி அது. பூட்டுப் பின் தேய்ந்து, ஃபோர்க் நகர்ந்து நகர்ந்து அந்த வெட்டுக்கு நேரே வந்தால் கீழ்க் கொக்கிக்குப் பிடிப்பு போய்விடும். மாட்டி முடித்ததும் அந்த வெட்டின் குறுக்கே ஒரு போல்ட் போட்டுவிடுங்கள்.

வளைவில் கோடு தெரிகிறது, அல்லது மெலிந்திருக்கிறது

நிற்கிற பகுதியும் படுத்த பகுதியும் சேருகிற உள்வளைவுதான் ஃபோர்க்கின் உயிர் இருக்கிற இடம். ஃபோர்க்கைக் கடைசியில் சந்தேகப்படுங்கள் என்று சொன்னேன். இந்த ஒரு சோதனை மட்டும் அதற்கு விலக்கு. இதை வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டும்.

கனத்தை அளக்க வெர்னியர் போதும். நிற்கிற பகுதி தரையில் உரசுவதில்லை, அதனால் அங்கே கிடைக்கிற கனம்தான் பழைய கனம். வளைவில் கிடைக்கிற கனம் அதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் ஃபோர்க்கின் ஆயுள் முடிந்தது. 40 என்றால் 36, 35 என்றால் 31.5. பத்து சதவீதம் தேய்ந்தாலே பலம் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். நமக்கு ஒன்றரை டன் வேண்டாமே, தேய்ந்தாலும் பரவாயில்லையே என்று கேட்கலாம். தேய்மானம் மட்டும் என்றால் அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. அவ்வளவு தேய்ந்த ஃபோர்க் எத்தனை வருடம் எத்தனை சுமை பார்த்திருக்கும் என்பதுதான் கவலை.

நம் பக்கத்துக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டு அடுக்குகிற கிடங்கில் ஓடிய ஃபோர்க்குகள். மேலே பெயின்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள். உப்புத் தண்ணீர் உள்வளைவில் தேங்கி, பெயின்டுக்கு அடியில் குழி குழியாக அரித்திருக்கும். விரிசல் கிளம்புவது அந்தக் குழியிலிருந்துதான். கம்பி பிரஷ் போட்டுப் பெயின்டை உரித்துப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள். உரித்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தேய்த்துவிட்டுக் காத்திருங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பொடியில் ஈரக் கோடாக எழும்பும். வெல்டிங் சாமான் கடையில் சிவப்புச் சாயம், வெள்ளைப் பூச்சு என்று தனித்தனி ஸ்பிரேயாகக் கிடைப்பதும் இதே தத்துவம்தான், இன்னும் நுணுக்கமாகக் காட்டும். மேல் கொக்கியின் கழுத்திலும் இதைச் செய்யுங்கள். கோடு தெரிந்தால் அதை வெல்டு வைத்து அடைக்க முடியாது. திருப்பிக் காயலான் கடைக்கே.

பக்கவாட்டில் "1250 × 500" என்பது போல ஏதாவது குத்தியிருக்கிறதா என்றும் பாருங்கள். சுமையின் நடு 500 மி.மீ. தள்ளி இருக்கும்போது அந்த ஒரு ஃபோர்க் 1250 கிலோ தாங்கும் என்று அர்த்தம். குத்தே தெரியாத அளவுக்குக் கிரைண்டர் ஓடியிருந்தால் எதை மறைத்தார்கள் என்று யோசியுங்கள்.

பின் வளைகிறது, சுமை இடம் வலமாக ஆடுகிறது

கேட்டகரி 1-இல் லோயர் பின் 22 மி.மீ., டாப் பின் 19 மி.மீ. பின்னை ஒரு பக்கம் மட்டும் வெல்டு வைத்து நீட்டிவிட்டால் வளையத்தான் செய்யும். இரண்டு பிளேட்டுக்கு நடுவில் லிங்க் உட்காருகிற மாதிரி அடித்து, கடையில் விற்கிற பின்னையே போடுங்கள்; ஷாஃப்ட் துண்டு வேண்டாம். ஆட்டத்துக்கு, லோயர் லிங்க் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கிற செக் செயினை இழுத்துக் கட்டினால் போதும். முழு உயரம் தூக்கும்போது ஃபிரேம் பின்பக்கம் சுழல்கிற பி.டி.ஓ. ஷாஃப்டில் இடிக்கிறதா என்று வெறும் ஃபோர்க்கோடு ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

சாலையில் போகும்போது

வயலிலிருந்து வயலுக்குப் போக நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டியவர்களுக்கு. முழங்கால் உயரத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற இரண்டு இரும்பு நாக்கு, பின்னால் பைக்கில் வருகிறவர் கண்ணுக்கு இருட்டில் தெரியவே தெரியாது. சிவப்புத் துணி கட்டினால் போதும் என்பது பகலுக்கு மட்டும். நடுவெட்டு வழியாகக் கழற்றினால் சில நிமிட வேலை. கழற்றி டிரெய்லரில் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டு பேராக. கொட்டகையில் சுவரில் சாய்த்து நிறுத்தாமல் படுக்கப் போடுங்கள். 50 கிலோ ஃபோர்க் சரிந்து விழுந்தால் பாதம் மிஞ்சாது.